கசடை வேகவைத்தால் கேஸ் கிடைக்குமா?

கேள்வி: காட்பாடியில் எங்கள் 110 வீட்டுக் குடியிருப்பில் தினமும் 60,000 லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் எஸ்டிபி இருக்கிறது. அதில் மிஞ்சும் ஸ்லட்ஜ் (கசடு) காயாமல் நாறுகிறது. அதை வேகவைத்தால் தண்ணீர் பிரியும், சமையல் கேஸும் வரும் என்று ஓர் ஏஜென்ட் 18 லட்சம் ரூபாய்க்கு மெஷின் சொல்கிறார். வாங்கலாமா? (சங்கச் செயலாளர்)

பதில்: வாங்காதீர்கள். அவர் சொல்லும் முறை உண்மைதான். நார்வேயின் ஹாமர் நகரில் 1995 முதல் நடக்கிறது. கசடில் இருப்பது பெரும்பாலும் நுண்ணுயிர்கள். அவற்றின் உடலும், சுற்றியுள்ள பிசினும் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்கின்றன. பிரஷர் குக்கரைவிடப் பல மடங்கு அழுத்தத்தில், 160 டிகிரிக்கு மேல் நீராவியில் அரை மணி நேரம் வைத்தால் அவை உடைந்து தண்ணீரை விடும். உள்ளே இருந்த சத்து, மீத்தேன் என்ற எரியும் கேஸைத் தரும் கிருமிகளுக்கு இரையாகும்.

ஆனால் அதெல்லாம் பெருநகர நிலையங்களுக்கு. அங்கே முதலில் இயந்திரத்தில் தண்ணீரைப் பிழிந்து, கசடைக் கெட்டியாக்கிய பிறகுதான் சூடாக்குவார்கள். உங்களுக்குத் தினமும் சுமார் 1,000 லிட்டர் கசடு வரும். அதில் 10 கிலோதான் திடப்பொருள், மிச்சமெல்லாம் தண்ணீர். அதை 165 டிகிரிக்குக் கொண்டுபோகக் கிட்டத்தட்ட ஒரு வீட்டு சிலிண்டர் தினமும் எரிய வேண்டும். திரும்பக் கிடைக்கும் கேஸ் ஒன்றிரண்டு கிலோ எல்பிஜிக்குச் சமமானால் அதிகம். பாதிச் சூட்டைத் திரும்பப் பிடித்தாலும் நஷ்டம்தான். போதாக்குறைக்கு பாய்லர் அனுமதி, தேர்ந்த ஆள் எல்லாம் வேண்டும்.

இந்த ஏஜென்ட்கள் ஒரு கண்ணாடிக் குடுவையைக் காட்டுவார்கள். கசடு அடியில் படிந்து, மேலே தண்ணீர் தனியாக நிற்கும். பார்க்க நன்றாக இருக்கும். அந்தப் பழுப்புத் தண்ணீர் எங்கே போகும் என்று கேளுங்கள். அம்மோனியாவும் கரைந்த அழுக்கும் நிறைந்த அது உங்கள் எஸ்டிபிக்கே திரும்பும். அதில் காற்று ஊதும் புளோயர் இன்னும் அதிக நேரம் ஓடும், கரண்ட் பில் ஏறும். இதை எந்தக் கொட்டேஷனிலும் எழுத மாட்டார்கள். 1,000 லிட்டருக்கு எவ்வளவு எரிபொருள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அதோடு வருவதை நிறுத்திவிடுவார்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் இருப்பது பாலாற்றங்கரை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத் தோல் ஆலைக் கசடில் குரோமியம் என்ற உலோகம் இருக்கும். எந்தச் சூடும் அதைப் போக்காது. கேஸாக மாறியது போக மிஞ்சும் கசடில் அதன் விகிதம் கூடத்தான் செய்யும். திறந்த காற்றில் எரித்தாலோ, அதில் ஒரு பகுதி இன்னும் கொடிய வகைக் குரோமியமாக மாறலாம். உங்களுடையது வீட்டுக் கழிவு, அந்தப் பயம் இல்லை. ஆனால் சாக்கடையில் ஒரு சின்னத் தோல் பட்டறை இணைந்திருந்தாலும் கதை வேறு. முதலில் ஒரு ஆய்வகத்தில் குரோமியம் பார்த்துவிடுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? உங்களிடம் ஃபில்டர் பிரஸ் (கசடைத் துணியில் பிழியும் மெஷின்) இருந்தால் அதைப் பாருங்கள். பல இடங்களில், கசடைத் திரளவைக்கும் பாலி பவுடரை அப்படியே கசடில் கொட்டுகிறார்கள். அது கட்டி கட்டியாக மிதக்கும், வேலை செய்யாது. லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் தண்ணீரில் மெதுவாகத் தூவிக் கலக்கி, ஒரு மணி நேரம் ஊறவிட்டுச் சேர்க்க வேண்டும். உங்கள் கசடுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் அளவில் தொடங்கிப் பார்க்கலாம். பிரஸ் இல்லையென்றால், கசடைத் தொட்டியில் படியவிட்டு, மேல் தண்ணீரை எஸ்டிபிக்கே திருப்பிவிட்டு, மணல் படுகையில் 25 செ.மீ. உயரத்துக்கு ஊற்றுங்கள். 60 சதுர மீட்டர் இடம் போதும். வேலூர் வெயிலுக்கு வேறு அடுப்பு எதற்கு? ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மட்டும் மேலே ஒளி புகும் கூரை போடுங்கள்.

அப்புறம், "நாங்களே லாரியில் எடுத்துக்கொள்கிறோம்" என்பவர்களிடம், இறக்கும் இடத்தின் ரசீது இல்லாமல் கசடைத் தராதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதிப் படிவத்தில் கசடுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பினால் போதும், லாரி எந்த ஏரியில் கொட்டியது என்று பின்னால் போய்ப் பார்க்க யாரும் இல்லை. எத்தனை முறை சொல்லியாயிற்று! பிடிபட்டால் மட்டும் கேள்வி உங்கள் சங்கத்துக்கு வரும்.