மகள் ஹாப்டிக் துறையைக் கேட்கிறாள்: எந்தப் படிப்பில் தொடங்குவது?

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

ரோபோ அறுவை சிகிச்சையில் மருத்துவரின் கைக்கு வழிகாட்டும் ஹாப்டிக் (தொடுவுணர்வு) தொழில்நுட்பத்தில் பணியாற்ற வேண்டும் என்று உங்கள் மகள் உறுதியாக நிற்பதையும், பெயரே வாயில் நுழையாத ஒரு துறையை நம்பிப் பட்டப்படிப்பை முடிவு செய்யலாமா என்று நீங்களும் உங்கள் துணைவியாரும் கலங்குவதையும் கடிதத்தில் படித்தேன். உங்கள் கலக்கம் நியாயமானது. அவள் கேட்பது என்ன துறை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெளிந்தால் எந்தப் படிப்பு என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

கோடு போடும்போது அளவுகோலை வைத்துக்கொள்கிறோம். பென்சிலை நகர்த்துவது நம் கைதான். விலகாமல் தாங்குவது அளவுகோல். அறுவை சிகிச்சை ரோபோவில் அந்த அளவுகோல் கணினிக்குள் இருக்கிறது. கருவி வரம்பைத் தொட்டதும் மோட்டார்கள் எதிர்விசை தந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவரை மருத்துவரின் கைக்கு உணர்த்துகின்றன. மூட்டு மாற்று சிகிச்சைக்கான மேக்கோ ரோபோவின் கரத்தைப் பிடித்து மருத்துவர் எலும்பை வெட்டும்போது, திட்டமிட்ட எல்லைக்குள் கருவி தடையின்றி நகர்கிறது, எல்லை வந்ததும் கரம் எதிர்த்து நிற்கிறது. சுவருக்குப் பதிலாகப் பாதையையும் இப்படி அமைக்கலாம்: முதுகெலும்பில் திருகு இறக்குவதற்குத் துளையிடும்போது, கருவி சரியான புள்ளிக்கும் சாய்வுக்கும் வந்து சேரும்வரை கையை மெல்ல இழுத்துக் கொடுக்கலாம். எங்கே, எவ்வளவு வெட்டுவது என்ற முடிவு மருத்துவருடையது. மனிதக் கையை அகற்றும் தொழில் என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

இது நிலைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்க விமானப்படை ஆய்வகம் ஒன்றில் லூயிஸ் ரோசன்பெர்க் என்ற ஆய்வாளர், கைக்குச் சுவரும் பாதையும் அமைக்கும் இந்த யோசனையை 1990களின் தொடக்கத்திலேயே முன்வைத்துவிட்டார். பெயர்பெற்ற அறுவை சிகிச்சை ரோபோவான டா வின்சி 2000-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனாலும் பல ஆண்டுகள் அதை இயக்கிய மருத்துவர்கள் தசை எவ்வளவு இழுபடுகிறது, தையல் நூல் எவ்வளவு இறுகுகிறது என்பதைப் பெரும்பாலும் திரையைப் பார்த்தே கணித்தார்கள். விசையை உணரும் கருவிகளோடு கூடிய டா வின்சி 5-க்கு 2024-இல்தான் ஒப்புதல் கிடைத்தது. 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள கருவிக்குள் அடங்கவும், கிருமிநீக்கும் நீராவி வெப்பத்தைத் தாங்கவும் வல்ல விசை உணரியைச் செய்வது அவ்வளவு கடினம். இந்தத் தாமதத்தை நான் துறையின் பலவீனமாக எண்ணவில்லை; உங்கள் மகளின் தலைமுறைக்கு மிச்சமிருக்கும் வேலையாகவே எண்ணுகிறேன்.

அந்த வேலையின் உட்புறத்தை ஒரே ஒரு மோட்டாரைக் கொண்டே காட்டிவிடலாம். மோட்டாரின் தண்டில் ஒரு கைப்பிடி, அதன் கோணத்தை அளக்க ஓர் உணரி, நடுவே ஒரு சிறு கணினிப் பலகை. ஒரு கோட்டைத் தாண்டி எத்தனை மில்லிமீட்டர் உள்ளே போகிறோமோ அத்தனை நியூட்டன் விசையில் திருப்பித் தள்ள வேண்டும் என்று நிரல் எழுதுங்கள். நொடிக்கு ஆயிரம் முறை அளந்து தள்ளினால், விரலுக்கு அங்கே உண்மையாகவே ஒரு சுவர் தட்டுப்படும். அதே நிரலை நொடிக்கு நூறு முறையாகக் குறைத்துப் பாருங்கள். சுவர் நடுங்கத் தொடங்கும், சில வேளைகளில் கைப்பிடி தேனீ இரைவதுபோல் அதிர்ந்து விரலை உதறும். கணினி எப்போதும் சற்று முந்தைய அளவைக் கொண்டே தள்ளுகிறது என்பதே காரணம். கை உள்ளே போகும்போது தள்ள வேண்டியதைவிடக் குறைவாகத் தள்ளுகிறது. வெளியே வரும்போது கூடுதலாகத் தள்ளுகிறது. இப்படி ஒவ்வொரு மோதலிலும் சிறிது ஆற்றல் கூடுகிறது, கருவியின் உராய்வு அதை விழுங்க முடியாதபோது நடுக்கமாக வெளிப்படுகிறது. சுவரை எவ்வளவு கெட்டியாக்க விரும்புகிறோமோ அவ்வளவு வேகமாகக் கணக்கிட வேண்டும், அல்லது அதிர்வை அடக்கும் தணிப்பு அவ்வளவு கருவியிலேயே இருக்க வேண்டும். நரம்பின் அருகே நிற்கும் கருவியில் இந்த நடுக்கம் வரக்கூடாது என்பதற்காகவே இத்தனை கணிதமும்.

ஆகவே, பட்டத்தின் பெயரில் ரோபோ என்ற சொல் இருக்கிறதா என்று தேடாதீர்கள். கவர்ச்சியான பெயருள்ள ஒரு படிப்பில் சேர்ந்த மாணவர் ஒருவர், இந்த நடுக்கத்தை அடக்கும் கணிதமான கட்டுப்பாட்டுக் கோட்பாட்டை ஒரே ஒரு பருவத்தில் மேலோட்டமாகக் கடந்துவிட்டு, முதுகலையில் அதை அடியிலிருந்து மறுபடி படிக்க நேர்ந்ததைக் கண்டிருக்கிறேன். இயந்திரவியல், மின்னியல், மின்னணுவியல் ஆகிய மூன்றில் ஒன்றே இளங்கலைக்கு நல்ல அடித்தளம் என்பது என் உறுதியான கருத்து. உயிர்மருத்துவப் பொறியியலும் ஏற்கத்தக்கதே. ஆனால் அணிகள் (மேட்ரிக்ஸ்), வகைக்கெழுச் சமன்பாடுகள், இயக்கவியல், கட்டுப்பாட்டுக் கோட்பாடு, சி++ நிரலாக்கம் ஆகியவை அந்தப் பாடத்திட்டத்தில் முழுமையாக உள்ளனவா என்று பார்த்த பிறகே சேருங்கள். உடற்கூறியலைப் பின்னர் கற்றுக்கொள்ளலாம். கணிதத்தைத் தள்ளிப்போட முடியாது. ஆய்வுப் பணிக்கு முதுகலையும், பெரும்பாலும் முனைவர் பட்டமும் தேவைப்படும் என்பதை இப்போதே குடும்பமாகப் பேசிவைப்பது நல்லது.

இன்னொன்றையும் அவளிடம் சொல்லுங்கள். அந்தச் சுவர் சி.டி. ஸ்கேன் படத்தின் மேல் வரையப்படுகிறது. நோயாளியோ மேசையின் மேல் இருக்கிறார். எலும்பில் பொருத்திய அடையாளக் குறியைக் கேமரா பின்தொடர, மருத்துவர் முனைக்கோலால் எலும்பைப் பல புள்ளிகளில் தொட்டுக் காட்ட, படமும் உடலும் ஒன்றோடொன்று பொருத்தப்படுகின்றன. பொருத்திய குறி பிறகு சற்றே தளர்ந்துவிட்டால், சுவர் அதே கெட்டியோடு தவறான இடத்தில் நிற்கும். திரையிலுள்ள கோட்டைச் சந்தேகிக்கும் மருத்துவர்கூடத் தன் கை உணரும் சுவரை எளிதில் சந்தேகிக்க மாட்டார். எனவே சோதனை, சரிபார்ப்பு, இடர் மதிப்பீடு ஆகிய பணிகளை இரண்டாந்தர வேலைகளாக அவள் நினைக்கக் கூடாது. மருத்துவ மென்பொருளுக்கான ஐ.இ.சி. 62304, இடர் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 14971 ஆகிய தர விதிகளை அறிந்த பொறியாளர்கள் இத்துறைக்கு எப்போதும் தேவை.

ஹாப்டிக் என்ற பெயரிலேயே வெளியாகும் பணியிடங்கள் குறைவு. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மோட்டார் கட்டுப்பாடு, விசை உணரி, நிகழ்நேர மென்பொருள் ஆகியவற்றைக் கற்றவருக்குச் செயற்கைக் கை, மறுவாழ்வு இயந்திரங்கள், விமானப் பயிற்சிக் கருவிகள், தொழிற்சாலை ரோபோக்கள் என்று பல கதவுகள் திறக்கும். நான் பரிந்துரைத்த அடித்தளம் அந்தக் கதவுகளில் எதையும் மூடாது.

இந்த விடுமுறையில் ஒரு வேலை கொடுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆலிசன் ஒக்காமுராவின் குழு உருவாக்கிய ஹாப்கிட், நான் மேலே சொன்னது போன்ற ஒற்றை மோட்டார் கருவிதான். அதன் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதையோ அதுபோன்ற ஒன்றையோ அவள் தன் கையால் செய்து, சுவரை எழுப்பிப் பார்க்கட்டும். எப்போது நடுங்கியது, எதை மாற்றியபோது அடங்கியது, ஏன் என்று ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதைப் படித்த பிறகு, விண்ணப்பங்களை மூவருமாக உட்கார்ந்து பார்ப்போம்.