எம்.எஸ். நோயோடு ஆஸ்பத்திரி டூட்டி: பெங்களூர்த் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

மல்டிபிள் ஸ்களிரோசிஸ் (எம்.எஸ்.) என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றின் மேலுறையான மையலினை அரிக்கும் நோய். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தலைகாட்டும். நர்சிங்கோ லேப் படிப்போ முடித்து வேலையில் காலூன்றும் வயது அது. பெங்களூர் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் தமிழர்களின் கேள்விகளுக்கு ஊழியர் நலப் பிரிவு மருத்துவர் ஒருவர் பதில் தருகிறார். மருந்து அளவுகள் பொதுவானவை. உங்கள் நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்ததுதான் உங்களுக்குரிய அளவு.

ஸ்டாஃப் நர்ஸ், ஜெயநகர்: டாக்டர், போன வருஷம் எம்.எஸ்.னு சொன்னாங்க. மத்தபடி நல்லாத்தான் இருக்கேன். ஆனா ஏப்ரல்ல பி.பி.ஈ. பாதுகாப்பு உடை போட்டுட்டு ஐசொலேஷன் வார்டுல நின்னா அரை மணி நேரத்துல ஒரு கண் மங்குது, கால் கனக்குது. நோய் திரும்பிடுச்சா?

அநேகமாக இல்லை. இது ஊட்ஹோஃப் நிகழ்வு. ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்ஹோஃப் 1890-இல் விவரித்தது. உறை உரிந்த நரம்பில் மின் துடிப்பு ஏற்கெனவே தட்டுத் தடுமாறித்தான் ஓடுகிறது. உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே அது நின்றுவிடும். உடம்பு குளிர்ந்ததும் பார்வை திரும்பும். புதிதாக எந்தச் சேதமும் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். கவுன் மாட்டுவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஒரு பெரிய டம்ளர் ஐஸ் தண்ணீர் குடித்து, ஃபேன் அடியில் உட்காருங்கள். சூடான பிறகு குளிர்விப்பதைவிட முன்கூட்டியே குளிர்வது அதிக நேரம் தாங்கும். குளிரூட்டும் வெஸ்ட் வாங்குவதானால் 15 டிகிரி அளவில் உருகும் பேக் வைத்ததைக் கேளுங்கள். வெறும் ஐஸ் பேக்கை மரத்துப்போன தோல் மேல் கட்டினால் தோல் புண்ணாவதே தெரியாது. வெஸ்ட்டை ஸ்க்ரப் மேல், கவுனுக்கு உள்ளே போடுங்கள். வெளியே போட்டால் ஒவ்வொரு முறையும் கிருமிநீக்கம் செய்ய வேண்டிவரும். மாற்றுப் பேக்குகளை மருந்து ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் சிஸ்டர் கண்ணில் பட்டால் அன்றைக்கே பஞ்சாயத்து. ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உள்ளே நிற்பதற்குப் பதில் 40 நிமிடம் உள்ளே, 15 நிமிடம் வெளியே என்று இன்சார்ஜிடம் பேசி வாங்குங்கள். கண் மங்கியிருக்கும் நேரத்தில் மருந்து கலக்காதீர்கள்.

கருவிகளைக் கிருமிநீக்கும் சி.எஸ்.எஸ்.டி. பிரிவில் போடுவதாக இருந்தால் மறுத்துவிடுங்கள். 121, 134 டிகிரியில் ஓடும் ஆட்டோகிளேவ் பக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்பது இந்த நோய்க்கு ஆகாது. "பெங்களூருக்கு எதுக்கு ஏ.சி." என்று கட்டிய பழைய வார்டுகளும் மார்ச் தொடங்கி மே வரை அதே கதைதான்.

ஐ.சி.யூ. நர்ஸ், ஒயிட்ஃபீல்டு: அப்போ நிஜமான அட்டாக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ஒருமுறை கூட வேலை செய்யற சிஸ்டரே டூட்டி ரூம்ல ஸ்டெராய்டு போட்டுவிட்டாங்க, மூணு நாள்ல சரியாயிடுச்சு.

புதிய அறிகுறி, அல்லது பழையது கூடுதலாகி, 24 மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும். காய்ச்சலோ தொற்றோ இருக்கக் கூடாது. முந்தைய அட்டாக்கிலிருந்து குறைந்தது 30 நாள் ஆகியிருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால்தான் ரிலாப்ஸ், அதாவது நிஜமான அட்டாக், என்று எடுத்துக்கொள்கிறோம். வார்டில் ஓடுகிறவர்களுக்கு அடிக்கடி வருவது போலி ரிலாப்ஸ், அதற்குப் பெரும்பாலும் காரணம் சிறுநீர்த் தொற்று. அதனால் கால் இழுக்கிறது என்றால் முதலில் டெம்பரேச்சர், யூரின் ரொட்டீன், கல்ச்சர், ஸ்டெராய்டு அப்புறம்.

டூட்டி ரூம் ஸ்டெராய்டு விஷயத்தில் என்னால் மழுப்ப முடியாது. அதைச் செய்யாதீர்கள். மெத்தில்பிரெட்னிசொலோன் தினம் 1 கிராம், 3 முதல் 5 நாள் என்பது எல்லாருக்கும் மனப்பாடம்தான். ஆனால் உள்ளே தொற்று இருந்தால் ஸ்டெராய்டு காய்ச்சலை மறைத்துவிட்டுத் தொற்றை வளர்க்கும். சர்க்கரை ஏறும், பொட்டாசியம் இறங்கும். அதைவிடப் பெரிய நஷ்டம், ரிலாப்ஸ் எங்கேயும் பதிவாகாமல் போவது. வருடத்துக்கு இரண்டு அட்டாக் வந்தும் ஃபைலில் ஒன்றுமில்லை என்றால், இப்போதைய மருந்து போதவில்லை என்பதே உங்கள் நரம்பியல் மருத்துவருக்குத் தெரியாது. ஸ்டெராய்டு அட்டாக்கைச் சீக்கிரம் தணிக்கும், அவ்வளவுதான். நோயின் போக்கை மாற்றுவது தொடர் மருந்து. ஸ்டெராய்டு ஓடும் நாட்களில் தூக்கம் வராது, அந்த வாரம் நைட் டூட்டி வேண்டாம்.

லேப் டெக்னீஷியன், எலக்ட்ரானிக் சிட்டி: மைக்ரோபயாலஜியில் இருக்கிறேன், தினமும் சளி மாதிரி பார்ப்பேன். எம்.எஸ்.ஸுக்கு ரிட்டுக்ஸிமாப் மருந்து தொடங்கலாம் என்கிறார்கள். வேலையை விட வேண்டுமா?

வேலையை விட வேண்டாம், பெஞ்சை மாற்றினால் போதும். ஹெமட்டாலஜி, பயோகெமிஸ்ட்ரி, பிளட் பேங்க் ஏதாவது ஒன்றுக்கு எழுதிக் கேளுங்கள். ரிட்டுக்ஸிமாப் பி செல்களை, அதாவது எதிர்ப்புச் சக்தியின் ஒரு வகை வெள்ளணுக்களை, காலி செய்யும். காசநோயைக் கிளப்புவதில் மூட்டுவாதத்துக்குத் தரும் டி.என்.எஃப். தடுப்பு மருந்துகள் அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் நம் நாட்டில் சளி மாதிரி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அந்த வாதத்தை நம்ப நான் சொல்லமாட்டேன். மாற்றம் வரும்வரை பயோசேஃப்டி கேபினெட்டுக்கு வெளியே எந்த மாதிரியையும் திறக்காதீர்கள். முகத்தோடு இறுக ஒட்டும் என்95 போடுங்கள்.

முதல் டோஸுக்கு முன் முடிக்க வேண்டியவை: மார்பு எக்ஸ்ரே, இக்ரா அல்லது மாண்டூ (காசநோய்ச் சோதனைகள்), ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி., ஆன்டி ஹெச்.பி.சி. டோட்டல் (ஹெபடைடிஸ் பி சோதனைகள்), ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவு, சின்னம்மை ஐ.ஜி.ஜி. இக்ராவை ஸ்டெராய்டு கோர்ஸ் நடக்கும்போது எடுத்தால் முடிவு தெளிவில்லாமல் வரும். ஆன்டி ஹெச்.பி.சி.யை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பழைய ஹெபடைடிஸ் பி கிருமி ஈரலில் தூங்கிக்கொண்டிருந்தால் இந்த மருந்து அதை எழுப்பிவிடும்.

தடுப்பூசியும் முன்னாலேயே. ஹெபடைடிஸ் பி 0, 1, 6 மாதம். கடைசி ஊசிக்கு 1 முதல் 2 மாதம் கழித்து ஆன்டி ஹெச்.பி.எஸ். (ஊசி பலித்ததா என்று காட்டும் ரத்தச் சோதனை) 10-ஐத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். சின்னம்மை, எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா), பி.சி.ஜி. (காசநோய்) எல்லாம் உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள். சின்னம்மையும் எம்.எம்.ஆரும் தேவைப்பட்டால் மருந்துக்குக் குறைந்தது 4 வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். மருந்து தொடங்கியபின் இந்த வகை எதுவும் கூடாது. ஃபுளூ போன்றவற்றைப் பின்னாலும் போடலாம், அடுத்த டோஸுக்கு ஒரு மாதம் முன்பு போட்டால் ஓரளவு பலன் கிடைக்கும். ஆனால் தடுப்பூசிக்காகவே ஆறு மாதம் எம்.எஸ். மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள், அதற்குள் ஒரு அட்டாக் வந்தால் யார் பொறுப்பு?

நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் கையில் குத்திவிட்டால், எம்.எஸ். மருந்து எடுப்பதை கேஷுவாலிட்டியில் முதலிலேயே சொல்லுங்கள். ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணிதான் கடைசி எல்லை.

ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) டெக்னீஷியன், பன்னேர்கட்டா ரோடு: வலது கை ரெண்டு விரல் மரத்திருக்கு. போன வருஷம் கண் நரம்பு அழற்சி வந்து சரியாச்சு. எக்ஸ்ரே தடுக்கற லெட் ஏப்ரன் போட்டா முதுகு, கால் எல்லாம் தளர்ந்துடுது.

கண் சரியாயிற்று என்று சார்ட்டில் 6/6 வந்தாலும் நிறம் முழுதாகத் திரும்பியிருக்காது, குறிப்பாகச் சிவப்பு வெளிறித் தெரியும். ஒரு சிவப்பு மூடியை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் நிறத்தை நம்பி எதையும் எடுக்காதீர்கள். நம் ஊரில் 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு. மங்கலான வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் டோஸ் இரண்டரை மடங்கு மாறிவிடும். எழுத்தைப் படித்து, வாய்விட்டுச் சொல்லி, இன்னொருவர் சரிபார்த்த பிறகே மருந்து கை மாற வேண்டும்.

மரத்த விரல்களுக்கு ஒரு சைஸ் சின்னக் கிளவுஸ் போடுவது உதவும் என்பார்கள்; உண்மையில் அது உணர்வை இன்னும் கெடுக்கும். சரியான சைஸே போடுங்கள். பிளேடை ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால்தான் மாட்ட வேண்டும், கழற்ற வேண்டும். ஷார்ப்ஸை கைக்குக் கை வாங்காமல் டிரேயில் வைத்து எடுங்கள். ஏப்ரன் 5 முதல் 7 கிலோ இருக்கும். ஒரே துண்டாக இருந்தால் முழுப் பாரமும் தோளில். மேல்சட்டை, பாவாடை என்று இரண்டு துண்டாக வருவதைப் போட்டால் பாதி எடை இடுப்புக்கு இறங்கும். சி-ஆர்ம் (ஓ.டி. எக்ஸ்ரே கருவி) கேஸ்களைக் காலையில் முதலாவதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

நர்ஸ், கே.ஆர். புரம்: அசதி தாங்கலை. தூக்கம் வராம வைக்கற மோடாஃபினில் மாத்திரை எடுத்தா நைட் டூட்டி ஓட்டிடலாம்னு ஃப்ரெண்ட் சொல்றா.

2021-இல் வெளியான ஒரு சோதனையில் மோடாஃபினில், அமன்டடின், மெத்தில்ஃபெனிடேட் மூன்றுமே வெற்று மாத்திரையைவிட எம்.எஸ். அசதியைக் கூடுதலாகக் குறைக்கவில்லை. மோடாஃபினில் கருத்தடை மாத்திரையின் வேகத்தையும் குறைக்கும், இதை யாரும் சொல்வதில்லை. முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 பாருங்கள். நம் பெண்களில் பாதிப் பேருக்கு எம்.எஸ். அசதியோடு ரத்தசோகையும் சேர்ந்தே இருக்கிறது. இரவில் காலில் பிடிப்பு வந்து தூக்கம் கலைகிறதா, தசைப் பிடிப்பைத் தளர்த்தும் பேக்லோஃபென் அளவைக் கேளுங்கள். அதைத் திடீரென நிறுத்த மட்டும் கூடாது. நைட் தவிர்க்க முடியாவிட்டால் தொடர்ந்து 2, மிஞ்சினால் 3. ரோஸ்டர் காலை, மாலை, இரவு என்ற வரிசையிலேயே நகரட்டும். நைட் முடிந்து ஸ்கூட்டியில் போகாதீர்கள். கே.ஆர். புரத்துக்கு மெட்ரோ இருக்கிறது.

நர்ஸ், ஹெப்பாள்: அடிக்கடி யூரின் வருதுன்னு டூட்டியில தண்ணியே குடிக்கறதில்லை.

அதனால்தான் தொற்று வருகிறது. நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடியுங்கள், வருகிறதோ இல்லையோ 2 முதல் 3 மணிக்கு ஒருமுறை போங்கள். போன பிறகு ஸ்கேனில் 100 மி.லி.க்கு மேல் தங்கினால் மாத்திரை மட்டும் போதாது. சிறுநீர்ப்பையைத் தளர்த்தும் ஆக்ஸிபியூட்டினின் மறதி தரும். மருந்துக் கணக்குப் போடுகிறவர்கள் அதற்குப் பதில் மிராபெக்ரான் பற்றிக் கேளுங்கள்.

ஃபார்மசிஸ்ட், மல்லேஸ்வரம்: ஹெச்.ஆரிடம் சொல்லலாமா, கூடாதா? சொன்னால் வேலை போய்விடும் என்கிறார் அண்ணன்.

இன்டர்வியூவில் யாரும் கேட்காதபோது நீங்களாக எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மெடிக்கல் படிவத்தில் கேட்டிருந்தால் உண்மையை எழுதுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் வேலை, இன்சூரன்ஸ் இரண்டுக்கும் அவர்களே காரணம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான் பார்த்தவரை கெஞ்சும் கடிதமும் பலிக்காது, மிரட்டும் கடிதமும் பலிக்காது. நரம்பியல் மருத்துவரிடம் நோயின் வரலாற்றை எழுதி வாங்காதீர்கள்; என்ன முடியும், என்ன முடியாது என்று நான்கு வரி வாங்குங்கள். "எட்டு மணி நேரத்துக்கு மேல் டூட்டி வேண்டாம். தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டாம். குளிர்ச்சியான அறை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் விடுப்பு." இப்படி இருந்தால் ரோஸ்டர் போடுகிறவருக்கு எளிது. நோயின் பெயர் ஊழியர் நலப் பிரிவு ஃபைலில் இருந்தால் போதும், ஹெச்.ஆருக்கு இந்த நான்கு வரி போதும். கையில் கொடுத்தாலும் மின்னஞ்சலிலும் அனுப்பி வையுங்கள், தேதி நிற்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பட்டியலிட்ட 21 வகைகளுக்குள் எம்.எஸ்.ஸும் உண்டு. அரசு ஆஸ்பத்திரி என்றால் பிரிவு 20 பலமானது: பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தவரை நீக்கவோ பதவியிறக்கவோ முடியாது, அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும், இடமில்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்திருக்க வேண்டும். தனியாருக்கு அந்த அளவு கட்டாயம் இல்லை. ஆனால் பிரிவு 21-இன்படி சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை அவர்களும் வெளியிட வேண்டும். அந்தக் கொள்கையின் பிரதியைப் பணிவாகக் கேட்டாலே பேச்சின் தொனி மாறும். அதற்கும் மசியாவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு.

யூ.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டைக்கு ஆதார் தமிழ்நாட்டு முகவரியில் இருக்கிறதே என்று பலர் தயங்குகிறார்கள். விதிப்படி சொந்த மாவட்டத்திலும் போடலாம், நீங்கள் சிகிச்சை பெறும் அரசு ஆஸ்பத்திரியிலும் போடலாம். நோய் இருந்தால் மட்டும் குறைபாட்டுச் சதவீதம் வராது. மருத்துவ போர்டு முன்னால் நிற்கும்போது தசை பலம், நடை, பார்வை எல்லாம் பதிவான ஓ.பி. சீட்டுகளைக் கொண்டுபோங்கள்.

ஒரு தாய், ஓசூர்: மகள் எம்.பி.பி.எஸ். சேரப் போகிறாள், எம்.எஸ். இருக்கிறது. சேர்க்கமாட்டார்களா?

குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல் என்பதாலேயே தள்ளிவிட முடியாது, படிப்பைச் செய்ய முடியுமா என்று போர்டு பார்த்துச் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு நகலோடு போங்கள். ஹாஸ்டலில் கீழ்த்தள அறையை முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

வார்டு பாய், சிவாஜிநகர்: சித்த மருந்து, தேனீக் கொட்டு, பத்தியம் எது சார் கேக்கும்?

தேனீ வேண்டாம். சிகரெட்டை விடுங்கள், வைட்டமின் டி பாருங்கள். எம்.எஸ். ஊசியை நிறுத்திவிட்டு இந்த மாதிரி மருந்தை ஆரம்பிப்பதுதான் ஆபத்து.

நர்ஸ், ராஜாஜிநகர்: எம்.எஸ்.ஸுக்கு ஆக்ரலிசுமாப் மருந்தை டிரிப்பா போடப் போறேன். லீவும் இன்சூரன்ஸும் எப்படி?

முதல் தடவை 300 மி.கி. வீதம் இரண்டு வார இடைவெளியில் இரண்டு நாள். பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை 600 மி.கி. முன்மருந்து, டிரிப், முடிந்தபின் ஒரு மணி நேரக் கண்காணிப்பு எல்லாம் சேர்ந்து ஒரு நாள் போய்விடும். அலர்ஜி ஊசி தூக்கம் தரும், மறுநாளும் லீவு போடுங்கள். நீங்கள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே போட்டுக்கொண்டால் டிரிப் கையோடு வார்டு பெல்லுக்கு எழுந்து போவீர்கள், முடிந்தால் வேறு இடம்.

சம்பளம் மாதம் 21,000-க்குள் என்றால் இ.எஸ்.ஐ. (ஊழியர் அரசுக் காப்பீடு); நோய் விடுப்புக்கு வருடத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் வரும். அதற்கு மேல் என்றால் ஆஸ்பத்திரியின் குரூப் பாலிசியில் டே-கேர் டிரிப்புக்கு வரம்பு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். தனிப் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 3 வருடம் என்று 2024-இல் குறைத்துவிட்டார்கள். வேலை மாறும் எண்ணம் இருந்தால் ராஜினாமா எழுதும் முன்பே குரூப் பாலிசியைத் தனிப் பாலிசியாக மாற்ற விண்ணப்பம் கொடுங்கள். கடைசி வேலை நாள் கடந்துவிட்டால் அது சிக்கலாகலாம்.