தம்பி பாக்குறது வேலையா, வாய்ப்பேச்சா?

கேள்வி: எங்க அப்பா 30 வருஷம் தேயிலை தோட்டத்துல கவ்வாத்து வெட்டினவரு (செடியை மட்டமா நறுக்கி விடுற வேலை). தம்பி கொழும்புல கால் சென்டர்ல ராத்திரி ஷிப்ட், வெளிநாட்டுக்காரங்களுக்கு போன்ல பதில் சொல்ற வேலை. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தப்போ "ஒரு கொழுந்து பறிச்சியா, ஒரு சட்டை தச்சியா, பேசுறதுக்கெல்லாம் சம்பளமா, எல்லாரும் இப்படி பேசிக்கிட்டே இருந்தா நாடு எப்படிடா பொழைக்கும்"னு அப்பா ஒரே சத்தம். தம்பிக்கு பதில் வரல. யாரு சொல்றது சரி? – வாசகி, ஹட்டன்

பதில்: அப்பாவை திட்டாதீங்க தங்கச்சி, பெரிய பெரிய ஆளுங்களே இதைத்தான் சொல்லிட்டு போயிருக்காங்க. பிரான்ஸ்ல கெனேன்னு ஒரு பொருளாதார அறிஞர், 1758ல அவரு போட்ட அட்டவணைப்படி மண்ணுல இருந்து வர்றதுதான் செல்வம், கைத்தொழில்காரன் வியாபாரி எல்லாம் மலட்டு வகுப்பு, அதாவது புதுசா செல்வம் உண்டாக்காதவங்க. (அப்படி பாத்தா நம்ம தேயிலை பெக்டரியும் மலடுதான்!) 1776ல ஆடம் ஸ்மித்னு இன்னொரு பொருளாதார அறிஞர் பெக்டரி வேலையையும் உற்பத்தின்னு உள்ள சேத்துக்கிட்டாரு, ஆனா வேலைக்காரங்க, வக்கீல், டாக்டர், பாட்டுக்காரங்க எல்லாரையும் வெளியவே நிப்பாட்டிட்டாரு, அவங்க வேலை செஞ்ச நிமிஷமே காணாம போயிடுதாம்.

சரி, அப்பாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, கவ்வாத்து வெட்டின அன்னைக்கு அவரு எத்தனை கிலோ கொழுந்து குடுத்தாரு? ஒண்ணும் இல்ல. அவரு வெட்டின மலையில மாசக்கணக்கா கொழுந்தே வராது. அதுக்கும் பேர் போட்டு நாள் சம்பளம் குடுத்தாங்கல்ல? செடிக்கு செஞ்ச சேவைதானே அது.

எங்க அம்மா கொழுந்து பறிச்சவங்க. நாள் பூரா மழையில நனைஞ்சு பறிச்சது மடுவத்துல (கொழுந்து நிறுக்கிற கொட்டகை) தராசுல ஏறும், சாக்குக்கு 2 கிலோ கழிச்சிருவாங்க, மிச்சத்தை ஒருத்தரு பென்சிலால எழுதுவாரு. அந்த எழுத்து செக்ரோல்ல, அதாவது சம்பள பதிவேட்டுல, ஏறினாத்தான் சம்பளம், இல்லாட்டி அம்மா பறிச்சது வெறும் இலை. எழுதினவரு ஒரு கொழுந்தும் பறிக்கல, ஆனா அவரு சரியா எழுதுறாரா தப்பா எழுதுறாராங்கிறதுல எங்க வீட்டு அரிசி இருந்துச்சு. அங்கிருந்து அன்னைக்கே லொறி வந்து ஏத்தணும், இல்லாட்டி சாக்குக்குள்ளயே சூடேறி கொழுந்து கருகிரும். அப்புறம் கொழும்புல ஒருத்தரு தேத்தண்ணியை ஒரு வாய் உறிஞ்சி துப்பிட்டு இது நல்ல ஊவா தேயிலை, இது சுமார்னு சொன்னாத்தான் ஏலத்துல விலை. 1883ல இருந்து நடக்குற அந்த ஏலமே 2020 ஏப்ரல்ல இருந்து கம்ப்யூட்டர்லதான் ஓடுது.

2022ல கேஸ் சிலிண்டருக்கு ராத்திரியே போய் லைன்ல நின்னோமே, ஏன்? டொலர் இல்ல. தேயிலை வித்தா டொலர் வருது, தம்பியோட கம்பெனிக்கு வெளிநாட்டுக்காரன் பில்லு கட்டினாலும் டொலர்தான் வருது. அவன் பேச்சும் ஏற்றுமதிதான், கப்பல்ல ஏத்தலங்கிறது மட்டும்தான் வித்தியாசம்.

வெறும் தகவலுக்கு என்ன மதிப்புன்னு கேட்டா எனக்கு பதுளை மாவட்டத்துல கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டம்தான் ஞாபகம் வருது. அந்த இடம் ஆபத்துன்னு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லயும் சொல்லிச்சு, 2011லயும் சொல்லிச்சு. ஆனா சனங்களுக்கு போறதுக்கு வேற வீடு கிடைக்கல. 2014 அக்டோபர் 29 காலையில மலை சரிஞ்சு லயத்தையே (தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளை) மூடிருச்சு. காகிதத்துல எழுதின ரெண்டு வரி அது, ஒரு லயமே அதுல அடங்கியிருந்துச்சு, ஆனா வீடு கட்டிக் குடுத்து கூட்டிட்டு போகாததால அந்த ரெண்டு வரியும் வீணா போச்சு.

அப்பா பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதை சொல்லாம விடக்கூடாது. கிழமைக்கு கிழமை லயத்து வாசல்ல வந்து நின்னு பொம்பளைங்ககிட்ட நுண்கடன் கம்பெனிக்காரன் வட்டி கறக்குறானே, அந்த வருமானத்துல ஒரு பங்கும் நாட்டு உற்பத்தி கணக்குல சேவைன்னுதான் ஏறுது. நம்ம நாட்டு கணக்குல பாதிக்கு மேல சேவைதான், அதுல எது உதவி எது உறிஞ்சல்னு அந்த நம்பர் சொல்லாது. தம்பிகிட்ட போன் பண்றவன் பிரச்சினை தீந்து போனை வைக்கிறானான்னு கேட்டு பாருங்க, தீருதுன்னா அது வேலைதான்.

கேள்வி: தோட்டத்துல லீக்ஸ் அடிமாட்டு விலைக்கு போகுது, கொழும்புல கேட்டா கண்ணு முழி பிதுங்குது. நடுவுல நிக்கிற புரோக்கர் என்னத்தை உற்பத்தி பண்றாரு? – வாசகர், கந்தப்பளை

பதில்: ராத்திரியோட ராத்திரியா லொறியில இறக்கி, அழுகினதுக்கு நட்டத்தையும் அவரே தாங்கினா அது உழைப்பு. அங்க விலை ஏறினதை உங்ககிட்ட மறைச்சு வாங்கினாருன்னா அந்த காசு உங்களுக்கு தெரியாததுனால வந்த காசு. புறக்கோட்டை, தம்புள்ளை மொத்த விலையை மத்திய வங்கி தினமும் இணையத்துல போடுது, லொறி வர்றதுக்கு முந்தி மகனை விட்டு போன்ல பாக்க சொல்லுங்க.