உயர்த்திய ஆஃப்ரோடு பிக்கப்புக்கு ஷாக் அப்சார்பர் அளவை எப்படித் தேர்ந்தெடுப்பது?

டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் பின்பக்கத்தை லீஃப் ஸ்பிரிங் (பட்டை அடுக்கு ஸ்பிரிங்) மாற்றி 2 இன்ச் உயர்த்தியிருக்கிறீர்கள். கடையில் ‘2 இன்ச் லிஃப்டுக்கான ஷாக்’ என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். அதையே வாங்கலாமா, இன்ச் கணக்கில் விட்டம் 2.0 போதுமா, 2.5 வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள். வண்டி சும்மா நிற்கும்போது எவ்வளவு உயரம் என்பதை மட்டும்தான் அந்த 2 இன்ச் சொல்லும். ஷாக்குக்குத் தேவை வேறு இரண்டு எண்கள்: சக்கரம் முழுக்க மேலேறும்போது ஷாக்கை மாட்டும் மேல் மவுண்டுக்கும் கீழ் மவுண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம், முழுக்கத் தொங்கும்போது எவ்வளவு தூரம். ஸ்பிரிங்கை மாற்றினாலும் பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலேறி முட்டி நிற்கும் ரப்பர் தடுப்பு) பழைய இடத்தில்தான் இருக்கிறது, ஆக சக்கரம் மேலேறும் எல்லை மாறவில்லை. அங்கே நீளமான ஷாக்கைப் போட்டால், ஆக்சில் பம்ப் ஸ்டாப்பில் முட்டும் முன்பே ஷாக் முழுக்கச் சுருங்கிவிடும். அடி மொத்தமும் ஷாக்கின் ஷாஃப்டிலும் (உள்ளே போய் வரும் தண்டு) மவுண்டிலும் இறங்கும். வெல்டிங் கிழிந்த மவுண்டோடு வரும் உயர்த்திய வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அளக்கும் முறை: சேஸைக் கெட்டியான ஸ்டாண்டில் நிறுத்தி, பழைய ஷாக்குகளைக் கழற்றுங்கள். லீஃப் ஸ்பிரிங் கட்டில் முதல் பட்டையை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிட்டால் ஆக்சில் ஜாக்கிக்கு எளிதாக ஏறி இறங்கும். ஒரு பக்கத்தை மட்டும் பம்ப் ஸ்டாப் தொடும்வரை ஏற்றி, போல்ட் மையத்திலிருந்து மையம்வரை அளந்துகொள்ளுங்கள். பலமான அடியில் ரப்பர் நசுங்குமே, அந்த இடத்தையும் கழிக்க வேண்டும். அப்புறம் மெதுவாக இறக்குங்கள். பிரேக் ஹோஸோ ஏபிஎஸ் ஒயரோ இழுபடத் தொடங்கினால் அங்கேயே நிறுத்தி, அந்த நீளத்தைக் குறியுங்கள். பட்டைகளைத் திரும்பப் போட்ட பின்னும் தொங்கும் நீளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஓர் உதாரணம். பம்ப் ஸ்டாப் தொடும்போது 16.5 இன்ச், தொங்கும்போது 25 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். ரப்பர் இன்னும் முக்கால் இன்ச் நசுங்கும் என்றால், சுருங்கிய நீளம் 15.75-க்குள், விரிந்த நீளம் 25-க்கு மேல் உள்ள ஷாக் வேண்டும். 15.5-க்குச் சுருங்கி 25.5-க்கு விரியும் 10 இன்ச் ஸ்ட்ரோக் (ஷாஃப்ட் போய் வரும் தூரம்) கொண்ட ஷாக் பொருந்தும். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலை வந்தால் சுருங்கிய நீளத்தைக் காப்பாற்றுங்கள். தொங்குவதை லிமிட் ஸ்ட்ராப் (ஆக்சில் அதற்கு மேல் இறங்காமல் பிடிக்கும் வார்) கட்டி நிறுத்திக்கொள்ளலாம்.

நீளமான ஷாக்கை நுழைக்க அதை அதிகமாகச் சாய்த்து மாட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நேர்க்குத்தில் இருந்து 45 டிகிரி சாய்ந்தால் அடக்கும் திறனில் ஏறக்குறைய பாதி போய்விடும்.

விட்டத்தைப் பொறுத்தவரை முக்கியமானது ஷாக் சூடேறுவதுதான். 2.5-இன் பிஸ்டன் பரப்பு 2.0-ஐ விட ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். எண்ணெயும் அதிகம் பிடிக்கும், அதனால் மெதுவாகச் சூடேறும். பாறையில் ஊர்ந்து போகிறவருக்கு 2.0 தாராளம். அலை அலையாகக் குழி விழுந்த மண் சாலையில் மணிக்கணக்கில் வேகமாகப் போகிறவருக்கு எண்ணெய் சூடாகி இளகிவிடும், ஷாக் இருந்தும் இல்லாத மாதிரி வண்டி மிதக்கும். அவர் 2.5-க்கும் ரிசர்வாயருக்கும் (கூடுதல் எண்ணெய்க்கான தனிக் குப்பி) கொடுக்கும் பணம் நியாயமானது. ஆனால் உள்ளே வால்விங் (எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) உங்கள் வண்டியின் எடைக்குச் செய்ததாக இருக்க வேண்டும். பின்னால் வழக்கமாக எவ்வளவு சுமை ஏற்றுவீர்கள் என்று கேட்காத கடையில் வாங்காதீர்கள்.

முன்பக்கம் வேறு கதை. அங்கே சிவி ஜாயின்டும் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு) மேல் ஆர்மின் பால் ஜாயின்டும் (சக்கரத்தைத் தாங்கும் கையின் உருண்டை மூட்டு)தான் எல்லையைத் தீர்மானிக்கின்றன. அந்த மாடலுக்கென்றே செய்ததை வாங்குவதே சரி.

மாட்டியதும் பட்டைகளை முழுக்கக் கட்டும் முன் ஆக்சிலை மறுபடி ஏற்றி இறக்கிப் பாருங்கள். 2.5-இன் தடித்த உடல் டயரிலோ சைலன்சர் பைப்பிலோ உரசினால் அப்போதே தெரிந்துவிடும்.