காந்தப்புலமும் உடலின் அழற்சியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மூட்டில் காந்தப் பட்டை கட்டிக்கொண்டால் இரத்தத்தில் உள்ள இரும்பு ஈர்க்கப்பட்டு, ஓட்டம் கூடி, வீக்கம் வடியும் என்கிறார்கள். இது சரியா?

பதில்: சரியல்ல. இரத்தத்தில் இரும்பு இருப்பது உண்மைதான் என்றாலும், அது ஆணியில் இருப்பதுபோல் உலோகமாக இல்லை. ஹீமோகுளோபின் மூலக்கூறுகளுக்குள் தனித்தனி அணுக்களாகப் பிணைந்திருக்கிறது. ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபின் காந்தத்தால் மிக மெல்ல விலக்கப்படுகிறது என்பதையும், ஆக்சிஜனை இழந்தது மிக மெல்ல ஈர்க்கப்படுகிறது என்பதையும் வேதியியலாளர்கள் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெல்லும் 1936ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டினார்கள். இந்த இரண்டு விசைகளும் ஓடும் இரத்தத்தின் வேகத்துக்கு முன் பொருட்படுத்தத் தக்கவை அல்ல. எம்.ஆர்.ஐ. கருவியின் 3 டெஸ்லா (காந்தப்புல வலுவின் அலகு) புலத்துக்குள் அரை மணி நேரம் படுத்திருப்பவருக்கே இரத்தம் ஒரு பக்கமாக இழுக்கப்படுவதில்லை; அதைவிட மிக வலுக்குறைந்த பட்டை அதைச் செய்துவிடும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

கேள்வி: அப்படியானால் நிலைக் காந்தப்புலம் (நேரத்தோடு மாறாத புலம்) அழற்சியையும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தையும் (ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் வினைத்திறன் மிக்க மூலக்கூறுகள் அளவுமீறித் திசுவைச் சேதப்படுத்தும் நிலை) குறைக்கிறது என்று வெளிவரும் ஆய்வுகள் பொய்யா?

பதில்: பொய்யல்ல. இரும்புக் கதை தவறு என்பதால் காந்தப்புலத்துக்கு உயிரணுக்களின் மீது விளைவே இல்லை என்று முடிவுகட்டுவதும் தவறாகிவிடும்.

நிலைக் காந்தப்புலம் திசுவைச் சூடாக்குவதில்லை; வேதிப்பிணைப்பை உடைக்கும் ஆற்றலும் அதற்கு இல்லை. ஆனால் உயிரணுவில் ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்கு எலெக்ட்ரான் தாவும்போது, இணையிழந்த எலெக்ட்ரானை ஆளுக்கொன்றாகக் கொண்ட இரண்டு மூலக்கூறுகள் ஒரு கணம் அருகருகே நிற்கின்றன. அந்த இரண்டு எலெக்ட்ரான்களின் தற்சுழற்சி (ஒவ்வொன்றையும் ஒரு நுண்காந்தம்போல் ஆக்கும் பண்பு) எதிரெதிராக இருக்கிறதா, ஒத்திருக்கிறதா என்பதைப் பொறுத்தே அடுத்த வினை அமையும். அந்த நிலையில் வினை சமநிலையில் நிற்கும் தராசைப் போன்றது; ஒரு நெல்மணியின் எடையே தட்டைச் சாய்த்துவிடும். காந்தப்புலம் தற்சுழற்சி மாறும் போக்கைத் திருத்துவதால், ஆக்சிஜனோடு நடக்கும் வினைகளில் சூப்பராக்சைடு எவ்வளவு, ஹைட்ரஜன் பெராக்சைடு எவ்வளவு என்று அந்த வினைத்திறன் மிக்க மூலக்கூறுகளின் விகிதம் மாறக்கூடும். வலசைப் பறவைகள் புவியின் காந்தப்புலத்தை உணரும் விதத்தை விளக்க 1978இல் இயற்பியலாளர் கிளாஸ் ஷுல்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் முன்வைத்த கருத்தும் இதுவே.

இதில் நான் மிக முக்கியமாகக் கருதுவது 2019இல் வெளியான தட்டைப்புழு ஆய்வு. வெட்டுண்ட உடலை மீண்டும் வளர்த்துக்கொள்ளும் பிளனேரியா என்ற அந்தப் புழுக்களை 200 மைக்ரோடெஸ்லா (டெஸ்லாவின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோடெஸ்லா) புலத்தில் வைத்தபோது புதுத்திசு வளர்ச்சி குறைந்தது. 500 மைக்ரோடெஸ்லாவில் கூடியது. வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளின் அளவு மாறியதே இதற்கு வழி என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். புவியின் புலம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கும் என்பதை நினைவில் வைத்தால், அதைப்போல் சில மடங்கே வலுவான புலம் ஓரளவில் ஒரு விளைவையும் சற்றுக் கூடிய அளவில் அதற்கு நேர் எதிரான விளைவையும் தந்திருக்கிறது என்பது விளங்கும். ஆகவே "காந்தம் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் குறைக்கும்" என்று அளவைச் சொல்லாமல் கூறப்படும் எந்த வாக்கியத்தையும் ஏற்க இயலாது.

அழற்சியிலும் இதே நிலைதான். எலிகளின் பாதத்தில் ஹிஸ்டமின் செலுத்தி வீக்கம் உண்டாக்கி 2008இல் நடத்திய ஆய்வில், உடனடியாக வைக்கப்பட்ட 10 அல்லது 70 மில்லிடெஸ்லா (டெஸ்லாவின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லிடெஸ்லா) காந்தம் வீக்கத்தை 20 முதல் 50 சதவீதம் வரை குறைத்தது. 400 மில்லிடெஸ்லா பயன் தரவில்லை. வீக்கம் உச்சத்தை அடைந்தபின் வைத்தபோதும் பலன் கிட்டவில்லை. வலு கூடினால் பயனும் கூடும் என்ற எண்ணம் இங்கே பொருந்தவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வினைத்திறன் மிக்க இந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் வெறும் நச்சுகள் அல்ல. வெள்ளையணுக்கள் அவற்றைக் கொண்டே கிருமிகளைக் கொல்கின்றன. அவற்றை உண்டாக்கும் நொதி பிறவியிலேயே பழுதுபட்டிருப்பவர்கள் மீண்டும் மீண்டும் கடும் தொற்றுகளுக்கு ஆளாகிறார்கள். எனவே அவற்றின் அளவு குறைந்தது என்ற முடிவு, எந்தத் திசுவில், எந்த நேரத்தில் என்று தெரியாதவரை நல்ல செய்தியாகிவிடாது.

கேள்வி: முழங்கால் தேய்மானத்துக்குக் காந்தப் பட்டை வாங்கலாமா?

பதில்: நான் பரிந்துரைக்க மாட்டேன். வலிக்கு நிலைக் காந்தங்களைச் சோதித்த மருத்துவப் பரிசோதனைகளைத் தொகுத்து 2007இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வு, குறிப்பிடத்தக்க வலி நிவாரணத்தைக் காணவில்லை. மூட்டுத் தேய்மானத்தில் மட்டும் பொருட்படுத்தத் தக்க பயன் இருக்கக்கூடும் என்பதை மறுக்கப் போதிய சான்று இல்லை என்று அது விட்டுவைத்தது. இத்துறையில் நேர்மையான பரிசோதனை நடத்துவதும் எளிதல்ல. தமக்குக் கொடுக்கப்பட்டது போலிக் காந்தமா என்பதை ஓர் இரும்புச் சாவியை ஒட்டிப் பார்த்தே நோயாளி கண்டுபிடித்துவிடுவார்.

தூரமும் ஒரு தடை. காந்தத்திலிருந்து விலக விலகப் புலம் விரைந்து தேய்கிறது. பட்டையின் மேல் அச்சிடப்பட்ட எண் அதன் பரப்பில் உள்ள அளவே. எலியின் மெல்லிய பாதத்தை எட்டும் புலம், தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் உள்ள மனித மூட்டை அதே வலுவோடு எட்டாது. முடக்குவாதம் போன்ற நோய்களில் பட்டையை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்தானது, ஏனெனில் அந்த இடைவெளியில் சிதையும் மூட்டைப் பின்னர் மீட்க முடியாது.

கேள்வி: எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்வதால் தீங்கு உண்டா? வேறு யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

பதில்: ஸ்கேனின்போது சிலருக்குத் தலைசுற்றல் வருவதுண்டு, உட்காதின் திரவத்தில் இயல்பாக ஓடும் மின்னோட்டத்தின் மீது புலம் செலுத்தும் விசையே அதற்குக் காரணம் என்று 2011இல் விளக்கப்பட்டது. வெளியே வந்த சற்று நேரத்தில் அது தணிந்துவிடும். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியவர்கள் வீட்டுக் காந்தங்களிடமும் கவனமாக இருக்க வேண்டும். வலுவான காந்தம் அருகே வந்தால் அக்கருவி தன் வழக்கமான செயல்முறையிலிருந்து மாறிவிடக்கூடும் என்பதால், காந்தப் பட்டை, காந்தம் பொதிந்த கைபேசி, காதில் பொருத்தும் ஒலிக்கருவிகள் (இயர்போன்) ஆகியவற்றை அதிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியே வைத்திருங்கள். சட்டைப் பையில் வைக்க வேண்டாம்.