சென்னையில் ஒரு சைக்கடெலிக் ஃபோக் (மயக்கும் ஒலிகள் கலந்த நாட்டுப்புறப் பாணி) பேண்ட் தன் முதல் பாடல்களை வீட்டிலேயே பதிவு செய்வது எப்படி?

நீங்கள் சொன்னபடி உங்களிடம் இருப்பவை கிட்டார், குரல், கடம், கஞ்சிரா, தம்பூரா ஆப், இரண்டு மைக் செருகும் இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி). முதல் டெமோ கலங்கலாகக் கேட்கிறது, அடுத்து என்ன வாங்கலாம் என்கிறீர்கள். எதுவும் வாங்காதீர்கள். சுருதியைச் சேருங்கள்.

கடத்துக்குச் சுருதியைப் பெரிதாகக் கூட்டிக் குறைக்க வழி கிடையாது. ஆகவே பாட்டு எந்தச் சுருதி என்பதைக் கடம்தான் முடிவு செய்யும். அது இரண்டரைக் கட்டை (டி ஷார்ப்) என்றால், கிட்டாரின் ஆறு தந்திகளையும் தடித்ததிலிருந்து டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று சேர்த்து முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடுங்கள். கஞ்சிராத் தோலின் உட்புறம் தடவிய தண்ணீர் ஏசி அறையில் சீக்கிரம் காய்ந்து சுருதி ஏறிவிடும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் தட்டிப் பாருங்கள்.

ஓப்பன் டி (வெறுந்தந்திகளை மீட்டினாலே டி மேஜர் கார்டு ஒலிக்கும்படி சேர்ப்பது) வேண்டாம் என்பதற்குக் காரணம் காந்தாரம், அதாவது ஸரிகமவின் 'க'. தம்பூராத் தந்தியிலிருந்து தானாக எழும் அந்தர காந்தாரம் ஸட்ஜத்திலிருந்து 386 சென்ட் (கிட்டாரில் ஒரு ஃப்ரெட் தள்ளினால் 100 சென்ட்). கிட்டார் ஃப்ரெட்டில் வருவதோ 400. இந்த 14 சென்ட் இடைவெளியால் நடு ஸ்தாயியில் நொடிக்குச் சுமார் மூன்று முறை ஒலி அலையடிக்கும். ஓரிடத்தில் மயக்கமாக இருக்கும், பாட்டு முழுக்க வந்தால் தலைவலி. உங்கள் டெமோவின் கலங்கலில் பாதி இதுவாகத்தான் இருக்கும். டி-ஏ-டி-ஜி-ஏ-டியில் வெறுந்தந்தி எதிலும் காந்தாரம் இல்லை, சிக்கலும் இல்லை.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். முதலில் தம்பூராவை ஐந்து நிமிடம், ஸ்பீக்கர் வழியாக அல்ல, நேரடியாக ஒயரில். பிறகு கிட்டார்: மைக் 12ஆவது ஃப்ரெட்டைப் பார்த்து ஒரு சாண் தள்ளி. ஓட்டைக்கு நேரே வைத்தால் 'பொம்' என்று அடைக்கும். அதே கிட்டாரை இன்னொரு முறை வாசித்து, ஒன்றை இடது கோடியிலும் மற்றதை வலது கோடியிலும் தள்ளுங்கள். காப்பி எடுத்துப் போட்டால் அகலம் வராது, சத்தம்தான் கூடும். பிறகு கடம், கஞ்சிரா, கடைசியில் குரல்.

எஃபெக்ட் ஒன்றே ஒன்று போதும்: தலைகீழ் எதிரொலி. குரலின் முதல் சொல்லை மட்டும் வெட்டித் திருப்புங்கள். மூன்று விநாடி ரிவெர்ப் (அறை எதிரொலி), நூறு சதவீதம் 'வெட்', அதாவது மூலக் குரல் இல்லாமல் எதிரொலி மட்டும். அதைத் தனி ட்ராக்காக எடுத்து மறுபடி திருப்பி, வீக்கம் முடியும் இடத்தில் சொல் தொடங்கும்படி நகர்த்துங்கள். எல்லா வரிக்கும் போட்டால் பேய்ப்பட டிரெய்லர் ஆகிவிடும்.

ஸ்காட்லாந்தின் இன்கிரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்டின் முதல் மூன்று ஆல்பங்களை வரிசையாகக் கேளுங்கள். 1966இல் பெரும்பாலும் குரல், கிட்டார், பேஞ்சோ, ஃபிடில். 1967இல் சிதாரும் 'ஊத்' என்ற அரபுத் தந்தி வாத்தியமும் நுழைகின்றன. 1968இல்தான் அடுக்கடுக்கான மல்டிட்ராக். நீங்கள் முதல் டெமோவிலேயே 1968க்குத் தாவிவிட்டீர்கள்.

சென்னைக்கே உரிய தொல்லைகள்: ஃபேனை அணைத்துவிட்டு விடியற்காலை இரண்டு முதல் நாலரைக்குள் முடியுங்கள். மார்கழியில் அதற்குள் கோயில் ஸ்பீக்கர் தொடங்கிவிடக்கூடும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டினால் 'ங்ங்' என்ற இரைச்சல் பெரும்பாலும் போய்விடும். மழைக்காலத்தில் கண்டென்சர் மைக் கடுகு பொரிவதுபோல் படபடத்தால் பழுது என்று பயப்படாதீர்கள், பெரும்பாலும் ஈரம்தான். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் ஒரு நாள் வையுங்கள், அதுவரை டைனமிக் மைக்கில் பாடுங்கள்.