ஜாஸ் படிக்கப் போறீங்களா? கேளுங்க, சொல்றேன்

போன இதழ்ல ஏதோ பேச்சுவாக்குல நான் அமெரிக்கால ஜாஸ் படிச்சவன், டபுள் பேஸ் (ஆளுயரத்துக்கு நிக்கற தந்தி வாத்தியம்) வாசிக்கிறவன்னு ஒரு வரி எழுதிட்டேன், அவ்ளோதான், வழக்கமா வர்ற சினிமா பாட்டு கேள்வியெல்லாம் காணோம், வந்ததுல பாதிக்கு மேல ஜாஸ் காலேஜ் கேள்விதான். சரி, இந்த மாசம் அதுக்கே விட்டுடலாம்.

கேள்வி: பையன் ப்ளஸ் டூ. பியானோல ட்ரினிட்டி எட்டாவது கிரேடு, டிஸ்டிங்ஷன். இப்ப திடீர்னு ஜாஸ் பெர்ஃபார்மன்ஸ் டிகிரி படிக்கணும், அமெரிக்கா போகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். நாலு வருஷம் அப்படி என்னதான் சொல்லிக்கொடுப்பாங்க?
- ஒரு அம்மா, திருச்சி

பதில்: முதல்ல நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க, உங்க பையன் பேப்பர் இல்லாம வாசிப்பானா? எட்டாவது கிரேடு பாஸ் பண்ண நிறைய பசங்களுக்கு நோட்ஸ எடுத்துட்டா கை நின்னுடும், அது அவங்க தப்பில்ல, அந்தப் பரீட்சை எழுதி வெச்சத அழகா வாசிக்கத்தான் பழக்குது. ஜாஸ்ல கையில குடுக்கறது ஒரே ஒரு பக்கம், லீட் ஷீட்டும்பாங்க, மெட்டு இருக்கும், மெட்டுக்கு மேல கார்டு (சேந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம்) பேரு இருக்கும், அவ்ளோதான். மெட்ட ஒரு தடவ வாசிச்சு முடிச்சதும் மீதி அஞ்சு நிமிஷத்த நாமளே உண்டாக்கணும், அதுவும் பக்கத்துல ட்ரம்ஸ்காரன் என்ன பண்றான்னு காதக் குடுத்துக்கிட்டே.

நாலு வருஷமும் அதுக்குத்தான். வாரத்துக்கு ஒரு தடவ தனி வாத்தியார்கிட்ட க்ளாஸ் இருக்கும், அவர் அனேகமா பாடமே நடத்த மாட்டார், ஒரு பழைய ரெக்கார்ட சொல்லி இந்த சோலோவ அடுத்த வாரம் கொண்டுவாம்பார். அத முதல்ல வாயால பாடணும், அப்புறம் வாத்தியத்துல வாசிக்கணும், கடைசியாத்தான் எழுதணும், ட்ரான்ஸ்க்ரைப் பண்றதுன்னு பேரு, நம்ம பாட்டு வாத்தியார்கிட்ட கேட்டுக் கேட்டு பாடம் பண்றோமே அதேதான், என்ன, இங்க ரெக்கார்டுல வாசிக்கிற வாத்தியார் செத்து எழுபது வருஷம் ஆயிருக்கும். கூடவே இயர் ட்ரெய்னிங், ஹார்மனி, அரேஞ்சிங், ஜாஸ் வரலாறு, செமஸ்டர் முடிவுல நாலஞ்சு வாத்தியார் உக்காந்து மார்க் போடற ஜூரி, கடைசி வருஷம் தனிக் கச்சேரி.

ஆனா இதெல்லாம் இப்ப வீட்ல உக்காந்தே ஓரளவுக்கு கத்துக்கலாம்மா. வீட்ல கிடைக்காதது கூட வாசிக்கிற ஆள். ஜாஸ் ஒண்ணும் காலேஜ்ல பொறந்தது இல்ல, முப்பதுகள்லயும் நாப்பதுகள்லயும் அமெரிக்கா பூரா டான்ஸ் பேண்டுங்க பஸ்ஸுல ஊர் ஊரா போய்க்கிட்டு இருந்தது, பதினெட்டு வயசுப் பையன் ஒரு பேண்டுல சேந்துட்டான்னா பெரியவங்க பக்கத்துல உக்காந்தே தொழில் கத்துக்குவான். யுத்தம் முடிஞ்சு அந்த பேண்டுங்க ஒண்ணொண்ணா கலைஞ்சுது. கிட்டத்தட்ட அதே சமயத்துல பாருங்க, 1945ல பாஸ்டன்ல லாரன்ஸ் பெர்க்னு ஒருத்தர் ஆரம்பிச்ச பள்ளிக்கூடந்தான் பின்னாடி அவர் பையன் லீ பெர்க் பேரைத் திருப்பிப் போட்டு பெர்க்லீ ஆச்சு. 1947ல டெக்ஸஸ்ல டென்டன்ங்கிற ஊர்ல, இப்ப நார்த் டெக்ஸஸ் யூனிவர்சிட்டின்னு சொல்றோமே அங்க, முதல் டிகிரி வந்துது. அதுக்கு அவங்க வெச்ச பேரு "டான்ஸ் பேண்ட்". ஜாஸ்ங்கிற வார்த்தைய யூனிவர்சிட்டி காகிதத்துல எழுதவே அப்ப கூச்சம்! யுத்தத்துலேர்ந்து திரும்பின பசங்களுக்கு சர்க்காரே ஃபீஸ் கட்டினதால க்ளாஸ் நிரம்பிச்சு. ஆக, அந்த பஸ்ஸுக்குப் பதிலா வந்ததுதான் இந்த காலேஜ். அதனால காலேஜ் பாக்கும்போது கட்டடத்தப் பாக்காதீங்க, சிலபஸும் எல்லா எடத்துலயும் ஏறக்குறைய ஒண்ணுதான், அங்க யார் யார் படிக்கிறாங்க, வாத்தியாருங்க இன்னும் வெளில வாசிச்சிட்டு இருக்காங்களா, ராத்திரி அந்த ஊர்ல போய் வாசிக்க எடம் இருக்கா, இத பாருங்க.

கேள்வி: மேற்படி பையனோட அப்பா நான். செலவு எவ்வளவு, வேலை கிடைக்குமா? நேரா சொல்லுங்க.
- அதே வீடு, திருச்சி

பதில்: வாங்க சார், உங்க கடிதத்தத்தான் எதிர்பார்த்தேன். பெர்க்லீ மாதிரி எடத்துல ட்யூஷன் மட்டுமே வருஷத்துக்கு 50,000 டாலர் பக்கத்துல வரும், தங்கறது சாப்பாடு தனி. பையனுக்கு ஸ்காலர்ஷிப் பெருசா கிடைக்கலன்னா வீட்ட அடமானம் வெச்சு இந்தப் படிப்புக்கு அனுப்பாதீங்க, இத ஒரு ஜாஸ்காரனே சொல்றேன். ஸ்டூடன்ட் விசால பொதுவா காலேஜுக்குள்ளதான் வேலை பாக்கலாம், செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம், தனி அனுமதி இல்லாம வெளில கிளப்புல வாசிச்சு காசு வாங்கினா தப்பு, இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல. படிப்பு முடிஞ்சா ஒரு வருஷம் வேலை பாக்க அனுமதி உண்டு, கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கு மேல ரெண்டு வருஷம் நீட்டிப்பாங்க, பாட்டு படிச்சவனுக்குக் கிடையாது.

ஜெர்மனியப் பாருங்க. கொலோன், பெர்லின் மாதிரி ஊர்கள்ல சர்க்கார் இசைக் கல்லூரிகள்ல ஜாஸ் டிகிரி இருக்கு, ட்யூஷன் கிடையாது, செமஸ்டர் கட்டணம்னு கொஞ்சம் வாங்குவாங்க. பாடன் வூட்டம்பெர்க் மாநிலத்துலன்னா ஐரோப்பாவுக்கு வெளிலேர்ந்து வர்றவங்களுக்கு செமஸ்டருக்கு 1500 யூரோ. ஆனா விசாவுக்கு ஒரு வருஷ செலவுப் பணம், 12,000 யூரோவுக்குக் கொஞ்சம் குறைச்சல், முன்னாடியே பேங்க்ல முடக்கி வெக்கணும், ஜெர்மன் கத்துக்கணும், எடமும் கைவிரல்ல எண்ற அளவுதான்.

வேலைன்னு ஆஃபர் லெட்டர் எதுவும் வராது சார். பாதி நாள் சொல்லிக்குடுக்கணும், மீதி நாள் கல்யாணத்துலயும் ஓட்டல்லயும் ஸ்டூடியோவுலயும் வாசிக்கணும், நானும் அப்படித்தான் ஓட்டறேன். இஞ்சினியரிங்கா இதுவான்னு வீட்ல சண்டை வந்தா ஒரு பேரு சொல்றேன், கிடார் பிரசன்னா. ஐஐடி மெட்ராஸ்ல கப்பல் கட்டற இஞ்சினியரிங் முடிச்சுட்டுத்தான் பெர்க்லீ போனார். ரெண்டும் பண்ணலாம், வரிசைதான் கேள்வி. (இத பையன்கிட்ட காட்டாதீங்க, என்ன திட்டுவான்.)

கேள்வி: பன்னெண்டு வருஷமா கர்நாடக வயலின். கல்பனாஸ்வரம், நெரவல் எல்லாம் உண்டு. எனக்கு ஜாஸ் சுலபமா வந்துடும்னு எல்லாரும் சொல்றாங்க, நிஜமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: எல்லாருன்னா யாரு, உங்க மாமாவா? பாதி நிஜம். பயமில்லாம அந்த நிமிஷத்துல தோணினத வாசிக்கிறது, ஆவர்த்தனம் எங்க இருக்குன்னு உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கறது, காதால கத்துக்கறது, இந்த மூணும் உங்ககிட்ட இருக்கு, கூட சேர்ற வெள்ளக்காரப் பசங்க பாதி பேருகிட்ட இருக்காது.

இல்லாதத சொல்றேன். ட்ரம்பெட் வாசிச்ச மைல்ஸ் டேவிஸோட 1959 ரெக்கார்டுல "ஸோ வாட்"னு ஒரு உருப்படி இருக்கு, கேளுங்க. மொத்தம் 32 பார், ஒரு பார்னா நாலு எண்ணிக்கை. முதல் 16 பார் டோரியன்னு ஒரு ஸ்கேல், ஸ்வரத்த எண்ணிப் பாத்தா நம்ம கரஹரப்ரியாவேதான். அப்பாடான்னு உக்காந்தீங்கன்னா 17வது பார்ல சட்ஜமே அரை ஸ்வரம் மேல ஏறிடும், எட்டு பார் அங்க இருந்துட்டு மறுபடி எறங்கிடும். அதாவது நீங்க ஜோரா ஸ்வரம் பாடிட்டு இருக்கும்போது யாரோ தம்புராவ முடுக்கிவிட்டுட்டு கொஞ்ச நேரம் கழிச்சு பழையபடி வெச்சா எப்படி இருக்கும்! இதுதான் இருக்கறதுலயே சாது. ஸாக்ஸ் வாசிச்ச கோல்ட்ரேனோட "ஜயன்ட் ஸ்டெப்ஸ்"ல ரெண்டு மூணு கார்டுக்கு ஒரு தடவ சட்ஜம் மாறும், மூணு எடத்துல சுத்திக்கிட்டே இருக்கும், அதுவும் ஓடற வேகத்துல. க்ரஹபேதம் தெரியுமேன்னு நெனைப்பீங்க, ஆனா அதுல தம்புரா நகராது, இங்க தரையே நகருது. அதனால வயலின் உள்ள இருக்கட்டும், ஒரு வருஷம் பியானோவுல கார்டு போட்டுப் பழகுங்க.

இன்னொண்ணு தாளம். காலேஜ்ல என் முதல் வாரத்துல நடந்தது, கேட்டுக்கிட்டு இருக்கும்போது பழக்க தோஷத்துல தொடைல ஆதி தாளம் தட்டிட்டு இருந்தேன், சமத்துல நல்லா அழுத்தமா. ட்ரம்ஸ் வாசிக்கிற பொண்ணு வாசிக்கிறத நிறுத்திட்டு, தப்பான எடத்துல தட்டறன்னு சொன்னா. எனக்குன்னா ஆத்திரம், நானா, தாளம் தப்பா? அப்புறம்தான் புரிஞ்சுது, அவங்களுக்கு நாலு எண்ணிக்கைல ரெண்டும் நாலும்தான் கனம், ஒண்ணு சும்மா வந்து போகும். அந்த ஸ்விங் நடை இருக்கே, ஒவ்வொரு எண்ணிக்கையையும் நீளம் குட்டைன்னு ரெண்டாப் பிரிக்கறது, அத திஸ்ரம்னு எழுதலாம், ஆனா வேகம் கூடக்கூட அது நேராகிக்கிட்டே வரும், கணக்குல பிடிக்க முடியாது, கேட்டுக் கேட்டு உடம்புல ஏறணும். உங்க கமகத்தையும் கொஞ்சம் அடக்கணும், பியானோகாரர் ஒரு கார்டப் பிடிச்சுட்டு நிக்கும்போது நீங்க காந்தாரத்த ஆட்டினா ரெண்டும் உரசும், எங்க ஆட்டலாம் எங்க நிறுத்தலாம்ங்கிறதுதான் உங்களோட சொந்தக் குரலாவும் ஆகும், விட்டுடாதீங்க.

இந்தப் பாலம் ஒண்ணும் புதுசில்ல. 1958ல அமெரிக்க ஜாஸ் பியானோகாரர் டேவ் ப்ரூபெக்கோட குழு மெட்ராஸ் வந்தப்ப அவங்க ட்ரம்மர் ஜோ மொரெல்லோ நம்ம மிருதங்கம் பழனி சுப்ரமணிய பிள்ளையோட உக்காந்து வாசிச்சிருக்கார். பெர்க்லீல படிச்ச ருத்ரேஷ் மஹந்தப்பா, கத்ரி கோபால்நாத்தோட சேந்து 2008ல "கின்ஸ்மென்"னு ஒரு ஆல்பம் போட்டார், ரெண்டு ஸாக்ஸும் ரெண்டு பாஷை பேசும், கேளுங்க.

கேள்வி: பெர்ஃபார்மன்ஸ், காம்பொசிஷன் ரெண்டும் வேற வேற கோர்ஸா? எனக்கு மேடைன்னா பயம், எழுதப் பிடிக்கும்.
- ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: சில எடத்துல வேற, சில எடத்துல ஒண்ணாவே வரும், ஆனா மேடைக்குத் தப்பிக்கத்தான் காம்பொசிஷன்னா அது நடக்காது, ஜாஸ் காம்பொசிஷன் மாணவனும் வாசிச்சே ஆகணும். சின்னக் குழுவுக்கு எழுதறதுல ஆரம்பிப்பாங்க, அப்புறம் பிக் பேண்ட், வழக்கமா 17 பேர்: அஞ்சு ஸாக்ஸ், நாலு ட்ரம்பெட், நாலு ட்ராம்போன், பியானோ, கிடார், பேஸ், ட்ரம்ஸ். ஆல்டோ ஸாக்ஸுக்கு ஒரு ஸ்ருதில எழுதணும், டெனர் ஸாக்ஸுக்கும் ட்ரம்பெட்டுக்கும் வேற ஸ்ருதில எழுதணும், ட்ராம்போனுக்கு இருக்கறபடியே. நான் முதல்ல எழுதினதுல ட்ராம்போன்காரங்களுக்கு பதினாறு பார் நிறுத்தாம இழுத்து எழுதிட்டேன், பேஸ் வாசிக்கிறவனுக்கு மூச்சு ஞாபகம் எங்க வரும், ஒத்திகைல ஒரு பையன் கையத் தூக்கி "எங்க மூச்சு விடறது?"ன்னான். கம்ப்யூட்டர்ல எழுதி அதையே போட்டுக் கேட்டா இது தெரியவே தெரியாது, கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டாது. பிக் பேண்ட் நடத்தின ட்யூக் எல்லிங்டன் ட்ரம்பெட்டுக்குன்னு எழுதல, தன் குழுவுல ட்ரம்பெட் வாசிச்ச "கூட்டி" வில்லியம்ஸுக்குன்னு எழுதினார், 1940ல ஒரு உருப்படிக்கு அவர் பேரையே வெச்சார். காலேஜ்ல அந்த மாதிரி மனுஷங்க சும்மா கிடைக்கிறாங்க, பீட்சா வாங்கிக் குடுத்தா ஒத்திகைக்கு வருவாங்க. பயத்துக்கு மருந்தும் அதுதான்.

கேள்வி: ஜாஸ் காலேஜே போகாம ஜாஸ்ல பெரிய ஆளாக முடியாதா?
- ஒரு மாணவர், மதுரை

பதில்: விஜய் ஐயர், ஜாஸ் பியானோகாரர். தமிழ் அப்பா அம்மா, அமெரிக்கால பொறந்தவர், சின்ன வயசுலேர்ந்து வயலின், பியானோ பெரும்பாலும் தானா கத்துக்கிட்டது. யேல்ல படிச்சது கணக்கும் இயற்பியலும். 2014லேர்ந்து ஹார்வர்ட்ல ப்ரொஃபசர், ஜாஸ் டிகிரி கிடையாது. ஆனா கலிஃபோர்னியால இருக்கற பெர்க்லி யூனிவர்சிட்டில (பாஸ்டன் பெர்க்லீ வேற) பிஹெச்டி பண்ற காலத்துலயே அந்தப் பக்கத்துப் பெரிய பெரிய ஆளுங்களோட வாசிச்சுக்கிட்டு இருந்தார், திரும்ப அதே பஸ் கதைதான்.

கேள்வி: ஆடிஷன்ல என்ன வாசிக்கச் சொல்வாங்க?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: காலேஜுக்கு காலேஜ் மாறும், அவங்க சொல்ற லிஸ்ட்டப் பாத்துக்கோங்க. பொதுவா முதல்ல வீடியோ அனுப்பணும், தேறினாத்தான் நேர்ல. ஒரு ப்ளூஸ், ஒரு ஸ்விங் நடை, ஒரு மெதுவான பாலட், இப்படி ஒண்ணுக்கொண்ணு வேற மாதிரி மூணு வெச்சுக்கோங்க. மெட்ட ஒழுங்கா, அவசரப்படாம வாசிங்க, நிறைய பேர் கோட்ட விடறது சோலோவுல இல்ல, மெட்டுலதான். வேகமா வாசிச்சு மிரட்டலாம்னு மட்டும் போகாதீங்க, எதிர்ல உக்காந்திருக்கறவர் அத தினமும் பாக்கறவர். பாக்காத நோட்ஸ வாசிக்கச் சொல்வாங்க, அவங்க பாடினத திருப்பி வாசிக்கச் சொல்வாங்க.

கேள்வி: டெனர் ஸாக்ஸ் வாசிக்கிறேன். "ரியல் புக்" வாங்கலாமா, திருட்டுப் புத்தகம்ங்கிறாங்களே?
- ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: ஜாஸ் உருப்படிகளோட லீட் ஷீட்டையெல்லாம் ஒண்ணா சேத்து எழுபதுகள்ல பெர்க்லீ பசங்க அனுமதி இல்லாம ஜெராக்ஸ் போட்டு வித்ததுதான் அது, கார்டெல்லாம் அங்கங்க தப்பா வேற இருந்துது. 2004லேர்ந்து முறையா உரிமை வாங்கி அச்சடிச்சே வருது, தாராளமா வாங்குங்க, ஆனா உருப்படிய ரெக்கார்டுல கேக்காம புத்தகத்தத் தொறக்காதீங்க. டெனர்னா அதோட ஸ்ருதிக்கு எழுதின பி ஃப்ளாட் பதிப்பு கேட்டு வாங்கணும், ஈ ஃப்ளாட் ஆல்டோவுக்கு, மாத்தி வாங்கிட்டு அடுத்த மாசம் எனக்கு எழுதாதீங்க.